பதினோரு மார்க் கமெண்ட்

“நான்தான் குற்றவாளின்னு நீங்க நிரூபிச்சுத் தரணும்” என்றான் வந்தவன்.

அத்தை மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தார். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளைதான் முதலில் வாயைத் திறந்தார்.

“அத்தை, திருடனும் இவரே, பிடிச்சுக் குடுக்கறவரும் இவரே. நமக்கு என்ன வேலை, சாட்சிக் கையெழுத்தா?”

“மாப்பிள்ளை, கொஞ்சம் சும்மா இருங்க.”

அது பட்டப்பெயர் அல்ல, நிஜமான உறவு. துப்பறிவாளரான அத்தையின் ஒரே மகளைக் கட்டியவர்தான் அவருடைய உதவியாளர். அதற்கு முன் வீடு வீடாகப் போய் வாக்குவம் கிளீனர் விற்றவர். மூடின கதவைத் திறக்கவைப்பதில் கெட்டிக்காரர், திறந்த தன் வாயை மூடுவதில்தான் சிரமம். வீட்டு மாடியில் அலுவலகம் போட்டதிலிருந்து போலீஸ்காரர்கள்கூட அவர்களை அத்தை, மாப்பிள்ளை என்றே கூப்பிட்டார்கள்.

வந்தவன் லிஃப்ட் தயாரிக்கும் கம்பெனியில் ப்ரோகிராமர். கை நகங்களையெல்லாம் சதைவரைக்கும் கடித்துத் தீர்த்திருந்தான்.

“எங்க லிஃப்ட் எல்லாத்துக்கும் ஒரே ப்ரோகிராம்தான் மேடம். அதுல நிறுத்தறதுக்குன்னு ஒரு பகுதி. மோட்டாரை அணை, பிரேக்கைப் போடு, ரெண்டு செகண்ட் காத்திரு, அப்புறம் ‘நின்னாச்சு’ன்னு சொல்லு. அதைச் சொன்னாத்தான் கதவு திறக்கும். அடியில குழிக்குள்ள இறங்கற மெக்கானிக்குக்குப் பச்சை விளக்கு எரியறதும் அப்போதான்.”

“சரி.”

“கதவு லேட்டா திறக்குதுன்னு புகார் மேல புகார். அந்த ரெண்டு செகண்டை நான் எடுத்துட்டேன். கொஞ்ச நாள்ல ஒரு பழைய கட்டடத்துல மெக்கானிக் ஒருத்தர் குழிக்குள்ள காலை வச்சிருக்கார், லிஃப்ட் இறங்கிடுச்சு. கால் நசுங்கிப் போச்சு. பச்சை எரியறதுக்கு முன்னாடியே இறங்கிட்டார், அவர் அஜாக்கிரதைன்னு கம்பெனி ஃபைலை மூடிடுச்சு. நான் போய், அந்த ரெண்டு செகண்டைத் திருப்பி வச்சுடலாம்னு கெஞ்சினேன். அது எதுக்கு இருந்துச்சுன்னு கேட்டாங்க. எனக்குத் தெரியல. காரணம் எங்கேயும் எழுதலையே, அப்போ தேவையில்லாததுதான்னு சொல்லிட்டாங்க.”

“காரணத்தை எங்க எழுதுவீங்க?”

“ப்ரோகிராமுக்கு நடுவுலயே எழுதுவோம். கமெண்ட்டும்போம். மனுஷங்க படிக்கறதுக்கு. கம்ப்யூட்டர் அதைக் கண்டுக்கவே கண்டுக்காது.”

“நான் வீட்ல பேசற மாதிரி” என்றார் மாப்பிள்ளை.

“அந்த இடத்துல கமெண்ட் இருந்துச்சா?” என்றார் அத்தை.

“இருந்துச்சு. ‘இரண்டு வினாடி காத்திரு’ன்னு.”

“அதுக்குக் கீழ இருக்கற வரி என்ன சொல்லுது?”

“ரெண்டு செகண்ட் காத்திருக்கச் சொல்லுது.”

“சுவத்துல ‘இது சுவர்’னு எழுதி வச்ச மாதிரி” என்றார் மாப்பிள்ளை. இந்த முறை அத்தை தடுக்கவில்லை.

ப்ரோகிராமர் தலையைக் குனிந்துகொண்டான். “வேலைக்குச் சேர்ந்த புதுசுல அந்த இடத்தைப் படிச்சிருக்கேன் மேடம். படிச்சுட்டுச் சத்தமாச் சிரிச்சேன். பக்கத்து சீட்டுக்காரன் திரும்பிப் பார்த்தது நல்லா ஞாபகம் இருக்கு. எதுக்குச் சிரிச்சேன்னு மட்டும் ஞாபகம் இல்ல. இரண்டு வினாடி காத்திருன்றதுல சிரிக்க என்ன இருக்கு? அப்போ அங்க வேற என்னமோ இருந்திருக்கு. அதைப் படிச்சும் மறந்துட்டு எடுத்திருக்கேன். புது கம்ப்யூட்டருக்கு மாறினப்போ பழைய பதிவெல்லாம் போயிடுச்சு, பார்க்கவும் வழியில்ல. கண்ணை மூடினா அந்த மெக்கானிக் கால்தான் தெரியுது.”

அத்தை எழுந்து குடையை எடுத்தார். “ஆக, காணாமப் போனது ஒரு ஜோக். வாங்க, உங்க ஆபீசுக்குப் போவோம்.”

*

கம்பெனிக் கூடத்தில் மேசைகள் வரிசையாக இருந்தன. வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பொம்மை லிஃப்ட் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. எதிர்ச் சுவரில் பெரிய டிவித் திரை. அதில் ப்ரோகிராமின் ஒவ்வொரு பகுதிக்கும் நேராக ஒரு மதிப்பெண். தலைப்பு: ‘கமெண்ட் தரம்’. முதலிடம் தொண்ணூற்றெட்டு, கடைசி இடம் எண்பத்தொன்பது.

“ஒருத்தர்கூடத் தேறாதவர் இல்ல. என்னை ஏன் யாரும் இந்தப் பள்ளிக்கூடத்துல சேர்க்கல?” என்றார் மாப்பிள்ளை.

அந்தத் திரைக்குச் சொந்தக்காரி தரப் பிரிவின் தலைவி. கூடம் முழுக்க அவளை மார்க்கு மேடம் என்றுதான் சொன்னது. நாற்பதை நெருங்கும் வயது. மேசையில் பேனாக்கள்கூட அளவெடுத்த மாதிரி நேராகக் கிடந்தன. ப்ரோகிராமர், “என்கூட வந்தவங்க, நம்ம கமெண்ட் மார்க்கைப் பத்தித் தெரிஞ்சுக்கணுமாம்” என்றதும் அவள் முகம் மலர்ந்தது. கேட்க ஆள் கிடைத்த மலர்ச்சி.

“முன்னாடியெல்லாம் எது நல்ல கமெண்ட்டுன்னு பத்து பேரைக் கேட்டா பத்து பதில் வரும். யாரும் எழுத மாட்டாங்க, எழுதினவங்களும் மாத்த மாட்டாங்க. ப்ரோகிராம் மாறியிருக்கும், கமெண்ட் பழைய கதையே பேசும். அந்தப் பொய்யைப் பிடிக்கத்தான் நான் ஒரு அளவுகோல் செஞ்சேன். எத்தனை கமெண்ட் இருக்கு, எவ்வளவு நீளம், அதுல இருக்கற சொற்கள் கீழ இருக்கற வரியோட எவ்வளவு ஒத்துப்போகுது. மூணையும் சேர்த்து நூத்துக்கு மார்க்.”

“நல்ல யோசனைதான்” என்றார் அத்தை. மனதாரத்தான் சொன்னார். “ஒண்ணு போட்டுக் காட்டுங்களேன். காத்திரு, ரெண்டுன்னு ஒரு வரி. மேல ‘இரண்டு வினாடி காத்திரு’ன்னு கமெண்ட்.”

மார்க்கு மேடம் தட்டினாள். தொண்ணூற்றாறு.

“நான் ஒண்ணு போடவா?” என்று மாப்பிள்ளை குனிந்து ‘பசிக்குது’ என்று தட்டினார். பூஜ்யம்.

“உண்மைக்கு மதிப்பே இல்ல” என்றார் அவர். மார்க்கு மேடம்கூடச் சிரித்துவிட்டாள்.

அத்தை அந்தச் சிரிப்பு அடங்குமுன் கேட்டார். “அதே வரிக்கு மேல, எதுக்காகக் காத்திருக்கணும்னு காரணத்தை எழுதினா? பிரேக், ஆபத்து, அந்த மாதிரி?”

“பதினொண்ணு” என்றாள் மார்க்கு மேடம்.

“தட்டிப் பார்க்காமலேவா?”

“இல்ல… சுமாரா சொன்னேன்.”

மாப்பிள்ளை ‘பிரேக் பிடிக்காவிட்டால் ஆபத்து’ என்று தட்டினார். ஆறு வந்தது. வேறு மாதிரி எழுதினார். பதினான்கு. மார்க்கு மேடம் நேராகக் கிடந்த பேனாக்களை மறுபடி நேராக்கினாள்.

“ரொம்ப நன்றிம்மா” என்று அத்தை கிளம்பிவிட்டார்.

*

“என்ன அத்தை, பாதியில வந்துட்டீங்க?” காரை எடுத்துக்கொண்டே மாப்பிள்ளை கேட்டார். பின் சீட்டில் ப்ரோகிராமர்.

“சுமாரா சொல்றவங்க பத்தும்பாங்க, பதினஞ்சும்பாங்க. பதினொண்ணுன்னு யார் சொல்வா?”

மாப்பிள்ளை வண்டியைத் தெருமுனையில் திருப்பினார். “ஒரு தடவை வாங்கினவங்க சொல்வாங்க.”

“ஆனா அது கையில பிடிக்க முடியாத சாட்சி. அந்த கமெண்ட்ல என்ன இருந்துச்சுன்னு தெரியாம அந்தப் பொண்ணு மேல கை நீட்ட முடியாது. மேசையில உக்காந்திருக்கறவங்களுக்கு பிரேக்கைப் பத்தி ஜோக் வராது. பிரேக்கைத் தொட்டவங்க யாரோ சொல்லிக் குடுத்திருக்கணும். அடிபட்டவர் வீடு எங்க தம்பி?”

ப்ரோகிராமர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். “வழி சொல்றேன். ஆனா நான் உள்ள வர மாட்டேன் மேடம். என்னால அவர் முகத்தைப் பார்க்க முடியாது.”

*

லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் இரண்டாவது மாடியில் மெக்கானிக் குடியிருந்தார். மாப்பிள்ளை படியேறும்போது அதைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்து விழுங்கிக்கொண்டார். ப்ரோகிராமர் படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

மெக்கானிக்கின் மனைவி கதவைத் திறந்தாள். வலது காலில் முழங்கால்வரை கட்டுடன் அவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். ஐம்பது வயது, பெரிய கைகள். வேலையில்லாத அந்தக் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்திருந்தார்.

அத்தை யாரென்று சொல்லிக்கொண்டதும் அவர் தலையாட்டினார். “எதுக்குங்க துப்பெல்லாம்? தப்பு என்னோடது.”

“நீங்க பச்சையைப் பார்த்துட்டுத்தானே இறங்கினீங்க?”

“பார்த்த மாதிரிதான் இருந்துச்சு. ஆனா யோசிச்சுப் பாருங்க. பச்சை எரிஞ்சா லிஃப்ட் நின்னிருக்கும். லிஃப்ட் நிக்கல. அப்போ பச்சை எரியல. வயசாயிடுச்சு, கண்ணு ஏமாத்திடுச்சு. இத்தனை வருஷம் பசங்களுக்குப் பாடம் எடுத்துட்டு நானே இப்படி…” அவர் மனைவியைப் பார்த்தார். “இவ ஆறு மாசமா கண் டாக்டர்கிட்ட போன்னு சொல்லிட்டிருந்தா. கேட்கல.”

மனைவி கட்டில் விரிப்பின் ஓரத்தைச் சரி செய்தாள்.

“நிறுத்தினதுக்கும் பச்சைக்கும் நடுவுல ரெண்டு செகண்ட் உண்டே. அது யார் வச்சது?” என்றார் அத்தை.

மெக்கானிக்கின் முகத்தில் முதல் தடவையாக உயிர் வந்தது. “நான் வைக்கச் சொன்னதுங்க. பழைய லிஃப்ட்டுல கம்ப்யூட்டர் மாட்டினப்போ, பிரேக் போட்டதும் நிக்கும்னு நெனச்சு எழுதிட்டாங்க. ஆபீசுக்கே போய்ச் சத்தம் போட்டேன். ஒரு பொண்ணுதான் காது குடுத்துக் கேட்டுச்சு. பேனாவையெல்லாம் வரிசையா அடுக்கி வச்சிருக்கும். ‘நீங்க சொல்றதை அப்படியே எழுதறேண்ணே’ன்னு சொல்லிட்டு நான் சொல்லச் சொல்ல அடிச்சுது.”

“என்ன சொன்னீங்க?”

“கிண்டலாத்தான் சொன்னேன். ‘பிரேக்குக்கு வயசாச்சு. மாமனார் மாதிரி. உக்காருன்னா உடனே உக்காராது, ரெண்டு செகண்ட் ஆகும். அவசரப்படுத்தாதீங்க, யாராவது அடியில இருப்பாங்க.’”

“எங்க மாமாவை உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றார் மாப்பிள்ளை. அவரையும் மீறி வந்துவிட்டது.

வெளியே படிக்கட்டில் யாரோ சிரித்தார்கள். ஒரே ஒரு சிரிப்பு, பாதியில் அறுந்தது. அத்தை கதவைத் திறந்தார். ப்ரோகிராமர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான்.

“இதேதான் மேடம். மாமனார் மாதிரி. அதுக்குத்தான் சிரிச்சேன்.” அவன் நெற்றியைச் சுவரில் சாய்த்தான். “சிரிச்சுட்டு, கடைசி வரியை மறந்துட்டேன்.”

அவன் உள்ளே வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்று எல்லாவற்றையும் சொன்னான். அந்த இரண்டு செகண்ட் இப்போது இல்லை என்பதையும், எடுத்தது தான் என்பதையும். மெக்கானிக் அவனைப் பார்க்கவில்லை. மெல்ல உதடுகள் அசைய ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

“அப்போ பச்சை எரிஞ்சுது” என்றார்.

“எரிஞ்சுதுண்ணே. எரியக்கூடாத நேரத்துல எரிஞ்சுது.”

மெக்கானிக்கின் முகத்தில் நிம்மதி வரும் என்று மாப்பிள்ளை எதிர்பார்த்தார். வந்தது வேறு. அவர் கட்டிலைவிட்டு எழப் பார்த்தார். மனைவி ஓடிவந்து தோளைப் பிடித்தாள்.

“பாக்க வர்ற பசங்ககிட்டெல்லாம் சொல்லிட்டேன். ‘நான் செஞ்ச தப்பை நீங்க செய்யாதீங்க. பச்சை எரிஞ்சா கண்ணை மூடிட்டு நம்புங்க’ன்னு. உன் தம்பிகிட்டயும்தான் சொன்னேன்.” அவர் மனைவியின் கையைப் பற்றினார். “மச்சான் இன்னிக்கு எங்க வேலைன்னு சொன்னான்?”

“பழைய ஆஸ்பத்திரிக் கட்டடம்னான்.” அவள் முகம் வெளுத்தது. “அங்க எல்லாம் பழசுதானே?”

மெக்கானிக் போன் போட்டார். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டார். “குழிக்குள்ள இறங்கறப்போ மேலேயே வச்சுட்டுத்தான் இறங்குவோம்” என்றார்.

“உங்க கம்பெனியில எல்லா லிஃப்ட்டையும் இங்கேருந்தே நிறுத்தச் சொல்ல யாரால முடியும்?” அத்தை ப்ரோகிராமரிடம் கேட்டார்.

“கண்ட்ரோல் ரூம். ஆனா தலைமை ஆள் யாராவது காரணம் சொன்னாத்தான் நிறுத்துவாங்க. நான் சொன்னா கேட்க மாட்டாங்க. மார்க்கு மேடம் சொல்லலாம்.”

அத்தை அவன் போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டார். மார்க்கு மேடம் எடுத்தாள்.

“காலையில வந்தேனே, நான்தான். ஒரு கமெண்ட் சொல்றேன், எத்தனை மார்க்குன்னு தட்டிப் பார்த்துச் சொல்றீங்களா? பிரேக்குக்கு வயசாச்சு. மாமனார் மாதிரி…”

மறுமுனையில் தட்டுகிற சத்தம் கேட்கவில்லை. அத்தை கடைசிவரை சொல்லி முடித்தார். ‘யாராவது அடியில இருப்பாங்க’ என்ற இடத்தில் மெக்கானிக்கின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

“தட்ட வேண்டாம்” என்றாள் மார்க்கு மேடம் மெதுவாக. “பதினொண்ணு.”

“இப்போ ஒருத்தர் அடியில இருக்கார்மா. பழைய ஆஸ்பத்திரிக் கட்டடம்.”

ஒரு நாற்காலி தள்ளப்படும் சத்தம் கேட்டது. பிறகு வேறொரு போனில் அவள் பேசுவது தூரமாக வந்தது. பழைய பிரேக் உள்ள கட்டடங்கள் அத்தனையிலும் மெயினை அணைக்கச் சொன்னாள். முதலில் ஆஸ்பத்திரி, வாட்ச்மேனை அனுப்பிக் குழியிலிருந்து ஆளை வெளியே கூப்பிட வேண்டும் என்றாள். எதிர்முனையில் இருந்தவர் எதையோ கேட்டிருக்க வேண்டும்.

“காரணமா? எழுதிக்கங்க” என்றாள் அவள். குரல் உயரவில்லை. “அந்த பிரேக் நிக்க ரெண்டு செகண்ட் ஆகும். அது எனக்குத் தெரியும். நான்தான் அதை எழுதி வச்சேன். அப்புறம் நானே அழிச்சேன். ஆமாங்க, நான்தான். என் பேரையே போடுங்க.”

அந்த அறையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. மாப்பிள்ளை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மெக்கானிக் மடியில் கிடந்த போனையே வெறித்துக்கொண்டிருந்தார். அது அடித்தபோது மனைவிதான் பாய்ந்து எடுத்தாள்.

“யாரு அக்கா மெயினை அணைச்சது?” என்று எரிச்சலான குரல் கேட்டது. “விளக்கு எரிஞ்சுது, ஒரு காலை உள்ள வச்சுட்டேன், வாட்ச்மேன் ஓடிவந்து கத்தறான். மாமாகிட்ட போனைக் குடு.”

அவள் போனைக் கொடுக்கவில்லை. அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

*

மாலையில், எல்லாரும் இன்னும் மெக்கானிக் வீட்டிலேயே இருந்தபோது, மார்க்கு மேடம் தானாகவே வந்தாள். மெக்கானிக் உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

“திரையில முதல் நாள் மார்க் போட்டப்போ எல்லாப் பெரியவங்களும் வந்திருந்தாங்க” என்றாள். “கடைசி இடம் என்னோட பகுதிதான். பதினொண்ணு. அளவுகோலைச் செஞ்சதும் நான், அதுல தோத்ததும் நான். யாரோ சிரிச்சாங்க. அன்னிக்கே அதை அழிச்சுட்டு, வரி சொல்றதையே திருப்பி எழுதினேன். தொண்ணூத்தாறு வந்துச்சு.”

“அடிபட்டது தெரிஞ்சதும்?” என்றார் அத்தை.

“தெரிஞ்சதும், அந்த ரெண்டு செகண்ட் இல்லாததாலதான்னு எனக்குப் புரிஞ்சுது. அப்பவே சொல்லியிருக்கலாம். ஆஸ்பத்திரிவரைக்கும் வந்தேண்ணே. நீங்க படுத்திருந்த வார்டு கதவுவரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டேன். அப்புறம் அறிக்கை வந்துச்சு, உங்க தப்புன்னு. நானும் வாயை மூடிட்டேன்.”

“எடுத்தது நான்தான்” என்றான் ப்ரோகிராமர். “கமெண்ட் இல்லைன்னாலும் நான் கேட்டிருக்கணும்.”

“எனக்குத்தான் தெரியும், உனக்குத் தெரியாது” என்றாள் அவள்.

இருவரும் ஒரே நேரத்தில் அத்தையைப் பார்த்தார்கள், தீர்ப்புக்குக் காத்திருக்கிற மாதிரி.

“நான் யார் செஞ்சதுன்னு சொல்றவ. யாருக்கு எவ்வளவுன்னு அளக்கறவ இல்ல” என்றார் அத்தை.

மெக்கானிக் கட்டுப் போட்ட காலைப் பார்த்தார்.

“இத்தனை நாளும் என்னாலதான்னு நெனச்சுக்கிட்டு இந்தக் கட்டில்ல கிடந்தேன். இவ முகத்தைப் பார்க்கவே கூச்சமா இருந்துச்சு” என்றார். “பரவாயில்லைன்னு சொல்ல எனக்கு வாய் வரல. நீங்களும் கொஞ்ச நாள் அப்படிக் கிடந்து பாருங்க.”

மார்க்கு மேடம் தலையாட்டினாள். அழவில்லை. மெக்கானிக் ப்ரோகிராமரிடம் திரும்பினார்.

“அந்த ரெண்டு செகண்டைத் திருப்பி வச்சாச்சா?”

“இப்போ வச்சுடறேண்ணே. அனுமதி வந்துடுச்சு.” அவன் பையிலிருந்து மடிக்கணினியை எடுத்துத் தரையில் உட்கார்ந்து திறந்தான்.

“கமெண்ட்டும் எழுது. இந்தத் தடவை ஜோக் வேண்டாம். எவனும் அழிக்க முடியாத மாதிரி எழுது. என் காலைப் பத்தி எழுது.”

அவன் எழுதினான், அழித்தான், மறுபடி எழுதினான். மார்க்கு மேடம் அவன் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். திருத்த எதுவும் சொல்லவில்லை.

“படி” என்றார் மெக்கானிக்.

“‘பழைய பிரேக் நிற்க இரண்டு வினாடி ஆகும். இந்த வரியை எடுத்ததால் குழிக்குள் இறங்கிய மெக்கானிக் ஒருவரின் கால் நசுங்கியது. அவர்மீது தவறு இல்லை. எடுக்காதீர்கள்.’”

மெக்கானிக்கின் மனைவி சமையலறை வாசலுக்கு வந்து நின்றாள். அவர் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு திறந்தார்.

“வலது கால்னு போடு” என்றார்.